லயத்திற்குச் சட்டத்தைக் கொண்டு சென்ற நடேசய்யர்

வெள்ளாற்றங்கரை ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே சில கல் தொலைவில் கடல் இருக்கிறது. மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், இன்னும் தெற்கே தொண்டி எனத் தொடரும் கரையூர்களை மீன்பிடித் துறைகளாகவே இன்றைய தலைமுறை அறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மாபட்டினமும் தொண்டியும் ஆளேற்றும் துறைகளாகவும் இருந்தன. மழை பொய்த்துக் கண்மாய் வறண்ட ஆண்டுகளில், கங்காணி நீட்டிய முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டவர்கள் அங்கே தோணியேறினர். மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே வாரிக்கொண்டன. 1899-இல் அந்த வடக்குப் பாதை மூடப்பட்டது. பின்னர்த் தூத்துக்குடி வழியும், 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் மண்டபம் வழியும் வாய்த்தன. திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, இராமநாதபுரம், மதுரை, சேலம் ஆகிய சீமைகளே இலங்கைத் தேயிலைக்கு ஆள் தந்தவை.

1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்படும் வரை இவ்வட்டாரம் தஞ்சை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. தஞ்சையிலிருந்து கடல் கடந்து சென்று, தனக்கு முன் சென்றிருந்த அந்த ஏழை மக்களுக்காகக் கால் நூற்றாண்டுக்கு மேல் எழுதியும் பேசியும் வாதாடியும் மறைந்த கோ. நடேசய்யரை இவ்வூர் தன்னவர் என்று கொண்டாடினால் அதில் மிகையேதும் இல்லை. தொழிற்சங்க வரலாற்றில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. தமிழெழுத்தின் வரலாற்றில் அது இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை. தோட்டத் தொழிலாளியின் உடல்நலத்தையும் உயிரையும் காக்கவென்று இயற்றப்பட்ட சட்டங்கள் ஆங்கிலத்தில் உறங்கிக் கிடந்தபோது, அவற்றைத் தமிழுக்குக் கொணர்ந்து லயத்தின் வாசலில் வைத்தவர் அவர். எழுதுவோர் அவரை நினைக்க இது ஒன்றே போதுமான காரணம்.

நடேசய்யர் 1887-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14-ஆம் நாள் தஞ்சையில் பிறந்தார். இளமையில் அவர் நாட்டம் கவிதையிலோ அரசியலிலோ செல்லவில்லை என்பது வியப்பானது. வணிகக் கல்வியிலும் கணக்குப் பதிவிலும் அவர் தேர்ச்சி கொண்டிருந்தார். வணிகர்களுக்கென 'வர்த்தக மித்திரன்' என்னும் இதழை நடத்தினார். கணக்கு, காப்புறுதி, எண்ணெய் எந்திரம் முதலிய பொருள்களைப் பற்றித் தமிழில் எழுத முற்பட்ட மிகச் சிலருள் அவரும் ஒருவர். அக்காலத்துத் தேசியவாதிகள் பலர் வீரமும் உணர்ச்சியும் பொங்க எழுதிக்கொண்டிருக்க, இவர் பற்று எது, வரவு எது என்று விளக்கிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் துரைமார்களுக்கு இவரிடம் ஏற்பட்ட அச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. கண்ணீர் வடிப்பவனைத் தோட்ட முதலாளிகள் பொருட்படுத்துவதில்லை. செக்ரோலைப் படிக்கத் தெரிந்தவனைப் பொருட்படுத்தியே ஆகவேண்டும்.

1915-இல் கொழும்பு வணிகர்களின் அழைப்பை ஏற்று அவர் இலங்கை சென்றார். தோட்டத் தொழிலாளர் நிலையை நேரில் காண விரும்பினார். ஆனால் தோட்டம் தனியார் உடைமை. துரையின் இசைவின்றி அந்நியர் எவரும் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றமாகிவிடும். உறவினர் வந்தாலும் ஒளிந்து வரவேண்டிய காலம் அது. புடவை விற்கும் வியாபாரிக்கு மட்டும் தடையில்லை. நடேசய்யர் துணிமூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு புடவை வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் நுழைந்தார். லயம் லயமாகச் சென்று விலை பேசுவதுபோல் வாழ்க்கையைக் கேட்டறிந்தார்.

அவர் கண்ட லயம் எத்தகையது? ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் தகரக் கூரையின்கீழ் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஓர் அறையில் ஒரு குடும்பம், சில வேளைகளில் இரண்டு. சமையலும் உறக்கமும் பேறும் இறப்பும் அங்கேயே. விடிவதற்கு முன் தப்பு முழங்கும். பிரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள். மழையிலும் பனியிலும் வெறுங்காலோடு மலை ஏறவேண்டும். அட்டை கடிக்கும்; ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழு பாதத்தின் வழியே உடலேறும். 1916-இல் அமெரிக்க நாட்டு ராக்பெல்லர் அறநிறுவனத்தார் மாத்தளைப் பகுதியில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கிச் சோதித்தபோது, தோட்டத் தொழிலாளருள் அந்நோய் இல்லாதவரைக் காண்பதே அரிதாயிருந்தது. இரத்தம் வற்றி, வெளிறி, மூச்சிரைக்க நின்ற அந்த ஆள்களைத்தான் சோம்பேறிகள் என்று துரைமார் எழுதி வைத்திருந்தனர். மருந்து கொடுப்பதைத் தோட்டக்காரர் ஏற்றனர். வேலைத்திறன் கூடும் என்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்தது. கழிப்பிடம் கட்டச் சொன்னபோது செலவைக் காட்டித் தயங்கினர். கழிப்பிடம் இல்லாத இடத்தில் மருந்து குடித்தவன் அடுத்த மழையிலேயே மீண்டும் நோயாளியானான்.

சட்டம் இல்லாமல் இவை நடக்கவில்லை. இதுவே நடேசய்யரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல். 1865-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வேலையைவிட்டு ஓடிய தொழிலாளியைச் சிறையிலிட வழி செய்தது. 1889-ஆம் ஆண்டுச் சட்டம், மாதக் கூலியை அந்த மாதம் முடிந்து அறுபது நாளுக்குள் கொடுத்தால் போதும் என்றது. இரண்டு மாதம் கூலியின்றி இருப்பவன் கடனின்றி எப்படி இருப்பான்? ஆனால் 1912-இல் வந்த மருத்துவச் சட்டங்கள் வேறு குரலில் பேசின. லயத்தைச் சுகாதாரமாக வைத்திருப்பது, நோயுற்றவரைக் கேட்டறிந்து மருத்துவமனைக்கு அனுப்புவது, நோய் முற்றினால் மருத்துவ அதிகாரியை வரவழைப்பது, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் இடமும் கொடுப்பது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தக்க ஊட்டம் கிடைக்கச் செய்வது ஆகிய அனைத்தும் தோட்டத் துரையின் கடமைகள் என அவை வகுத்தன. அந்நாளைய உலகில் பல நாடுகளின் ஏட்டில்கூடக் காணமுடியாத கடமைகள் அவை.

ஏட்டில் இருந்தது ஏன் லயத்துக்கு வரவில்லை? சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர் துரை. அதை மீறக்கூடியவரும் அவரே. மீறலைத் தெரிவிக்க வேண்டியவரும் பெரும்பாலும் அவரேதான். இடையில் கங்காணி இருந்தார். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்குச் சில சதம் அவருக்குப் பென்ஸ் காசாகக் கிடைத்தது. ஆகவே காய்ச்சலோடு படுத்தவன் கங்காணிக்கு நட்டம். அவனை எழுப்பி மலைக்கு ஏற்றினால் இலாபம். தொழிலாளியோ தன் கடன் எவ்வளவு என்பதையே அறியாதவன். அவனும் அவன் குடும்பமும் எவ்வளவு கடன்பட்டுள்ளனர் என்று எழுதிய துண்டுக் காகிதத்தோடு தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றப்பட்டான். அக்கடனைக் கட்டுபவருக்கு அவன் உரியவன். துண்டு என்ற எளிய தமிழ்ச்சொல்லுக்கு மலையகத்தில் அவ்வளவு கொடிய பொருள் ஏற்பட்டிருந்தது. ஆவுடையார்கோவில் கொடுங்கையைப் போன்ற வேலை தவிர மற்றெதையும் செய்துதருவோம் என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதிக்கொடுப்பார்கள் என இவ்வூரில் வழிவழியாகச் சொல்வதுண்டு. தன் கைத்திறனின் எல்லையைத் தானே வரைந்து கையெழுத்திட்ட உழைப்பாளியின் மண்ணிலிருந்து சென்றவன், தன்னை விற்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நின்றான்.

1920-இல் நடேசய்யர் இலங்கையில் நிலையாகத் தங்கினார். சர் பொன்னம்பலம் அருணாசலம் போன்ற பெருமக்கள் சிறைத்தண்டனைப் பிரிவுகளுக்கு எதிராக ஏற்கெனவே குரல் எழுப்பியிருந்தனர். 1921-ஆம் ஆண்டையொட்டித் துண்டு முறையும் அத்தண்டனைப் பிரிவுகளும் நீங்கின. இந்தியாவில் 1922-இல் குடியகல்வுச் சட்டம் பிறந்தது. அதன்படி கண்டியில் இந்திய அரசின் ஏஜண்டு ஒருவர் அமர்ந்தார். தொழிலாளர் நிலைபற்றி ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். இப்படி ஒரே தொழிலாளியின் உடம்பின்மேல் இரண்டு அரசுகளின் சட்டம் படியத் தொடங்கியது. ஒரே ஊரைச் சேர்ந்த அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர்க் காட்டுக்குப் போனால் அங்கே 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு. தம்பி மண்டபம் வழியே இலங்கை போனால் அங்கே வேறு சட்டம். மூன்றாமவன் கடலே தாண்டாமல் நீலகிரிக்குப் போனால் 1903-ஆம் ஆண்டுச் சென்னைத் தோட்டக்காரர் சட்டம். விந்தை என்னவென்றால், இலங்கையில் நீங்கிய சிறைத்தண்டனை நீலகிரியில் 1929 பிறக்கும் வரை நீங்கவில்லை. வீட்டருகே வேலை தேடியவனுக்கே விலங்கு நீடித்தது.

'தேசநேசன்' இதழில் எழுதிய நடேசய்யர் 1924-இல் கொழும்பில் 'தேசபக்தன்' இதழைத் தொடங்கினார். சென்னையில் திரு.வி.க. அதே பெயரில் முன்னர் ஒரு நாளிதழை நடத்தியிருந்ததையும், அவரும் பின்னித் தொழிலாளருக்காக நின்றவர் என்பதையும் தமிழன்பர்கள் அறிவர். திரு.வி.க.வின் நடை ஓடைபோல் ஒலிக்கும் நடை. நடேசய்யரின் நடையில் அந்த அழகு கிடையாது. அவர் வாக்கியங்கள் குறுகியவை; பெயர்ச்சொல்லும் எண்ணும் நிறைந்தவை; எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்தில், எத்தனை நாள் பேர் வெட்டப்பட்டது என்ற வகையின. அலங்காரம் விரும்பும் வாசகர் அவற்றை இலக்கியம் என ஏற்கத் தயங்கலாம். ஆனால் எழுத்தறியாத பத்துப்பேர் சூழ்ந்திருக்க, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவன் சிம்னி விளக்கின் முன் வாசிப்பதற்கென்று எழுதப்பட்ட உரைநடை வேறு எப்படி இருக்கமுடியும்? கேட்டவுடன் புரியவேண்டும், மறுநாள் கணக்கப்பிள்ளையிடம் சொல்லத்தக்கதாக நினைவில் நிற்கவேண்டும். தமிழில் இந்த இலக்கை வைத்து உரைநடை எழுதியவர்கள் மிகச் சிலரே.

அதே ஆண்டில் அவர் 'மூலையில் குந்திய முதியோன்' என்னும் துப்பறியும் புனைகதையையும் தமிழில் தந்தார் என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் விடமுடியாது. தொழிலாளர் தலைவருக்கு இது பொழுதுபோக்கு எனச் சிலர் எண்ணியிருக்கக்கூடும். சின்னஞ்சிறு தடயங்களிலிருந்து குற்றத்தைக் கண்டுபிடிக்கும் அந்த ஆர்வம், தோட்டக் கணக்கேட்டின் முன்னும் அவரைவிட்டு அகன்றதில்லை.

ஏ. ஈ. குணசிங்க தலைமையிலான தொழிற்சங்கத்தில் அவர் சில ஆண்டுகள் முன்னணியில் இருந்தார். சிங்களத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் ஒரு கொடியின்கீழ் நின்ற அக்காலம் நீடிக்கவில்லை. வேலையின்மை பெருகியபோது இந்திய எதிர்ப்புக் குரல் அச்சங்கத்திலும் எழுந்தது, நடேசய்யர் விலகினார். இதற்கிடையே 1920-களின் நடுப்பகுதியில் சட்ட நிரூபண சபைக்கு இந்தியர் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1931 வரை அதில் அமர்ந்திருந்தார். தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாதவர், தோட்டத்துக்குச் சட்டம் இயற்றும் இடத்தில் இருந்தார்!

1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அக்காலத்தின் பெரும் நிகழ்ச்சி. அதன்படி 1929 முதல் மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவர்க்கு 32 சதமும் நாட்கூலியாயின. தாழ்ந்த பகுதிகளில் 50, 40, 30 சதம். உணவுவேளை உட்பட ஒன்பது மணி நேரமே ஒருநாள் வேலை. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைத்தல் ஆகாது. நடேசய்யர் வேண்டிய அளவை இக்கூலி எட்டவில்லை. உழைப்பு ஒன்றாயிருக்கப் பெண்ணின் கூலி குறைந்தே நின்றது. எனினும் எண்ணொன்று சட்டத்தில் ஏறிவிட்டது. எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாட முடியும் என்பதை அந்தக் கணக்காசிரியர் அறிவார்.

தோட்டங்களும் அதை அறிந்திருந்தன. சட்டம் ஒருநாள் கூலி எவ்வளவு என்று வரையறுத்தது; ஒருநாள் வேலை எவ்வளவு என்பதைத் தோட்டமே வரையறுத்தது. குறித்த இறாத்தல் கொழுந்து எடுக்காதவளுக்கு அரைப்பேர் போட்டார்கள். கவ்வாத்தில் குறித்த மரம் முடிக்காதவனுக்கும் அரைப்பேரே. கூலி குறைக்கப்படவில்லை, பேர்தான் குறைக்கப்பட்டது என்று காகிதம் சொல்லும். சட்டத்தின் எழுத்து பிழைத்துக்கொள்ளும். பேர் போடுதல் என்ற தோட்டத்துச் சொல்லைச் சற்று நிறுத்திக் கேட்கவேண்டும். ஒரு மனிதனின் பெயரே அவனது ஒருநாள் கூலிக்குரிய சொல்லாகி, நோயுற்றவனும் தளர்ந்தவளும் அரைப்பெயரோடு லயத்துக்குத் திரும்பினர். காய்ச்சலை மறைத்து மலையேறியவர்களும், நிறைமாதத்தில் கூடை சுமந்தவர்களும் அந்த அரைப்பேருக்கு அஞ்சியே அப்படிச் செய்தனர். கூலியும் உடல்நலமும் இருவேறு துறைகள் எனச் சட்டம் பிரித்து வைத்திருந்தது. லயத்தில் அவை ஒரே பானைக்குள் வெந்தன. நடேசய்யர் இவ்விரண்டையும் பிரிக்காமல் பேசினார். அவருடைய தனிச்சிறப்பு அதுவே எனலாம்.

1931 ஜனவரியில் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் நிறுவினார். தோட்டத் தொழிலாளர்க்கென்றே எழுந்த முதல் தொழிற்சங்கம் அதுதான். பிறந்த வேளை கொடியது. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்தது. சட்டம் தந்த கூலியையே சில சதங்கள் குறைத்தார்கள். சம்மேளனம் எதிர்த்தது, வெல்லவில்லை. ஆயினும் கூட்டங்கள் நடந்தன. தோட்டத்துக்குள் கூட்டம் போட இடமில்லை என்றால் நகரத்திலும், தெருவோரத்திலும், திருவிழா நடக்குமிடத்திலும் கூட்டினார்கள். தொழிலாளர் சட்டத்தை விளக்கும் நூலும் 'நீ மயங்குவதேன்?', 'வெற்றியுனதே' போன்ற சிறு வெளியீடுகளும் நடேசய்யர் கையிலிருந்து பிறந்தன. தோட்டத்துக்கு வந்த ஒருவனின் கதையை 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்னும் நாடகமாகவும் எழுதினார். நாடகத்தின் தலைப்பில் ஒரு தொழிலாளியின் முழுப்பெயர் நிற்பதை, அரைப்பேர் போடப்பட்டவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையாரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இவ்வரலாறு பாதியே. கூட்டங்களில் முதலில் எழுவது அம்மையாரின் பாட்டு. பாரதியின் பாடல்களை மலையகமெங்கும் பரப்பியவர் அவர். தாமே இயற்றிய பாடல்களையும் மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் அமைத்துப் பாடினார். அவற்றுள் சில 1940-இல் இந்தியர்களின் இலங்கை வாழ்க்கை நிலைமையைப் பற்றிய சிறுநூலாக வெளிவந்தன. எழுத்தறியாதவர் நடுவே சட்டம் பரவவேண்டுமானால் அது பாட்டாக வேண்டும். கூலி, கடன், நாடு கடத்தல், வாக்குரிமை எனப் பாட்டுக்குச் சற்றும் பொருந்தாதவை என்று புலவர் ஒதுக்கும் செய்திகள் கும்மியிலும் சிந்திலும் ஏறி, கொழுந்து எடுக்கும் நிரைகளில் நடமாடின. கணவர் சட்டத்தை உரைநடைக்குக் கொணர்ந்தார். மனைவியார் அதை உரைநடையிலிருந்து நாவுக்குக் கொணர்ந்தார். இரண்டாவது பணி முதலாவதைவிடக் கடினமானது. தமிழ்க் கவிதை வரலாற்றை எழுதுவோர் அம்மையாருக்கு ஒரு பக்கமும் ஒதுக்காமல் கடந்துபோவது நியாயமன்று.

திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகரை ஆட்கொண்ட இறைவன், பின்னர் மதுரையில் வந்திக் கிழவியின் பங்குக்குக் கூலியாளாய் வந்து பிட்டுக்கு மண் சுமந்த கதையை இவ்வூரில் சிறுவரும் அறிவர். வேலை செய்யவில்லை என்று கூலியாளின் முதுகில் விழுந்த பிரம்படி, அடித்த அரசன் முதுகிலும் எல்லா உயிர்களின் முதுகிலும் பட்டது. மலையகத்தில் விழுந்த அடி விழுந்தவன் முதுகோடு நின்றுவிட்டது. தோட்டத்துக்குத் தோட்டம் வேலி. அடுத்த மலையில் நடந்தது இந்த மலைக்குத் தெரியாது. அவ்வலியைக் கொழும்பிலும் கண்டியிலும் சென்னையிலும் தில்லியிலும் உணரச் செய்யும் வேலையை நடேசய்யரின் இதழ்கள் செய்தன. இந்திய அரசுக்கு அவர் விடுத்த முறையீடுகளும் இவ்வகையின.

1936-இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1947 வரை அதில் பணியாற்றினார். இக்காலத்தையொட்டி இலங்கைத் தொழிற்சட்டம் வேகமாக வளர்ந்தது. வேலையில் காயமுற்றவர்க்கு ஈட்டுத்தொகை வழங்கும் சட்டம் 1934-இல் வந்தது. பிரிட்டனில் அத்தகைய சட்டம் 1897-லும் இந்தியாவில் 1923-லும் பிறந்திருந்தது. தேயிலைச் சாலையின் உருளையில் விரலிழந்தவன் அதுவரை துரையின் இரக்கத்தை மட்டும் நம்பியிருந்தான். 1935-இல் தொழிற்சங்கச் சட்டம். 1939-இல் பிள்ளைப்பேற்று நன்மைச் சட்டம். 1941-இல் கூலிச் சபைகள் சட்டம். இவற்றையெல்லாம் நடேசய்யர் ஒருவரே கொணர்ந்தார் என்பது முகமன் ஆகும். ஹட்டன் தொகுதியில் அவருக்கு முன்னவராய் இருந்து தொழில் அமைச்சராகவும் விளங்கிய பெரி சுந்தரம், இடதுசாரிகள், இந்திய ஏஜண்டுகள், நேர்மையான சில ஆங்கில அதிகாரிகள் எனப் பலர் கை அதில் உண்டு. சட்டம் வந்த மறுநாள் அது தொழிலாளியின் காதில் விழவேண்டும் என்று அலைந்தவர்களுள் அவரே முதல்வர்.

குறைகளும் அவரிடம் இருந்தன. அவர் தனியாள். இதழும் சங்கமும் சபையும் அவர் ஒருவரைச் சுற்றியே இயங்கின. இரண்டாம் வரிசைத் தலைவர்களை உருவாக்க அவர் முனைந்ததாகத் தெரியவில்லை. பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைந்தன. சம்மேளனம் முப்பதுகளின் நடுவிலேயே தளர்ந்தது. 1939-இல் நேரு இலங்கை வந்தபோது உருவான இலங்கை இந்தியக் காங்கிரசோடும் அவரால் நெடுநாள் இணைந்திருக்க முடியவில்லை. மறு ஆண்டு அக்காங்கிரசு தொடங்கிய தொழிற்சங்கத்தின் பக்கம் தோட்டங்கள் சாய்ந்தன. அவர் உழுத நிலத்தில் மற்றவர் அறுவடை செய்தனர் என்று அவர் அன்பர்கள் வருந்துவர். உழவர் அறுவடைக்கு ஆள் சேர்க்கவில்லை என்பதும் உண்மையே.

1939 ஆகஸ்டு முதல் நாள் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் செல்வதைத் தடை செய்தது. இலங்கை அரசு தன் துறைகளிலிருந்த இந்திய நாட்கூலிகளை நீக்கியதற்கான பதில் அது. தன்மான உணர்வோடு எடுக்கப்பட்ட அம்முடிவு, விடுமுறைக்கு ஊர் வந்திருந்தவர்களைத் திரும்ப முடியாமல் தடுத்தது. அங்கே இருந்தவர்களை ஊருக்கு வர அஞ்சச் செய்தது. தாயின் இறப்புக்கு வரமுடியாத பிள்ளைகள் அக்கரையிலும், பிள்ளையைக் காணாத தாயர் இக்கரையிலும் இருந்தனர். இரு நாட்டுச் சட்டங்களுக்கு இடையில் வாழ்பவன் ஒன்றின் காப்பையும் முழுமையாகப் பெறுவதில்லை. குடியுரிமையும் வாக்குரிமையும் இல்லாதவனுக்குச் சுகாதாரச் சட்டம் எத்தனை நாள் துணை நிற்கும் என்ற கவலை நடேசய்யரின் கடைசி ஆண்டுகளை ஆட்கொண்டிருந்தது. வாக்காளர் பட்டியலில் இந்தியத் தொழிலாளரைப் பதிவதற்கு விதிக்கப்பட்ட தடைகளை அவர் சபையில் இடைவிடாமல் எதிர்த்தார்.

1947-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர் தோற்றார். அவ்வாண்டு தோன்றிய 'சுதந்திரன்' இதழின் முதல் ஆசிரியராகப் பொறுப்பேற்றிருந்த நிலையில், நவம்பர் 7-ஆம் நாள் காலமானார். வயது அறுபது. இந்தியா விடுதலை பெற்று மூன்று திங்கள் கூட ஆகவில்லை. இலங்கை விடுதலை பெற இன்னும் மூன்று திங்கள் இருந்தது.

மறு ஆண்டே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். 1952-இல் ஒருவரும் செல்லவில்லை. இந்தியாவில் 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டு, குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், குழந்தைக் காப்பகம், வீடு ஆகியவை நீலகிரிக்கும் வால்பாறைக்கும் அசாமுக்கும் உரியனவாக எழுதப்பட்டன. 1958-இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் தோட்டங்களுக்கென்றே ஓர் உடன்பாட்டை வகுத்தது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவின் கணக்கிலும் மூன்று இலட்சம் பேரை இலங்கையின் கணக்கிலும் எழுதியது. முன்பு தோணியில் போனவர்களின் பேரர்கள் இராமேசுவரத்தில் கப்பலிலிருந்து இறங்கினார்கள். மண்டபத்தில் பதிவு முடித்து, தாத்தா சொல்லிய ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உறவினரைத் தேடியலைந்தவர்கள் பலர்.

நடேசய்யரின் இதழ்களும் சிறுநூல்களும் நாற்பதாண்டுகள் சிதறிக் கிடந்தன. மலையக எழுத்தாளர் சாரல்நாடன் அவற்றைத் தேடித் திரட்டி, 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்னும் வரலாற்று நூலை 1988-இல் வெளியிட்டார். மீனாட்சி அம்மையாரின் பாடல்களும் அத்தேடலின் வழியாகவே பின்வந்தோர் கைக்கு எட்டின.